அணஞ்சுதா, அணச்சீங்களா

கொல்லிமலையில் என்னோடு வேலை பார்த்த அந்த அம்மாவிடம் போய், "டம்ளர் ஒடஞ்சு போச்சு" என்று யாரும் சொல்லிவிட முடியாது. "தானா ஒடஞ்சுதா, நீங்க ஒடச்சீங்களா?" என்று உடனே கேட்பார். கோபமாக அல்ல, மணி என்ன என்று கேட்கிற தொனியில். செம்மேட்டு டீக்கடைக்காரர் ஒருநாள், "பால் பொங்கிப் போச்சுங்க" என்று தலையைச் சொறிந்தபோது, "பாலு அதும்பாட்டுக்குத்தானுங்க இருந்துச்சு, நீங்கதான் பொங்க உட்டீங்க" என்றார். கடைக்காரர் இரண்டு நாள் அவருக்கு டீ கொடுத்தார், பேச்சுக் கொடுக்கவில்லை.

எனக்கு முதல் நாளே கிடைத்தது. வளப்பூர் போகும் வழியில் ஜீப்பைச் சேற்றில் இறக்கிவிட்டு அவருக்குப் போன் செய்து, "வண்டி மாட்டிக்கிச்சும்மா, கொஞ்சம் லேட்டாகும்" என்றேன். "வண்டியே போயி மாட்டிக்கிச்சுங்களா சார்?" என்று கேட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த அம்மாளோடு ஆறு மாதம் எப்படி ஓட்டப் போகிறோம் என்று நினைத்தேன். இது நடந்து ஏழெட்டு வருடம் இருக்கும். இன்றைக்கும் என் கையிலிருந்து ஏதாவது கீழே விழுந்தால், விழுந்துவிட்டது என்று சொல்ல வாய் கூசுகிறது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அணுமின் நிலையங்களில் பிடிக்கும் தீயைப் பற்றித் தகவல் சேர்க்கிற ஆராய்ச்சி மையம் ஒன்றில் இருக்கிறேன். பெரிய தீ என்றால் அதற்கு விசாரணை, அறிக்கை என்று ஆயிரம் பேர் வருவார்கள். எங்களுக்கு வேண்டியது குட்டித் தீ. வெல்டிங் பொறி விழுந்து ஒரு கேபிள் கருகியது, ஒரு மின்பெட்டி புகைந்தது, அவ்வளவுதான். அது எதனால் பிடித்தது, எத்தனை நிமிடம் எரிந்தது, எப்படி நின்றது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால்தான் பெரிய தீ எங்கே பிடிக்கும், அதற்கு எவ்வளவு காவல் போட வேண்டும் என்று சொல்ல முடியும். இந்தப் பேச்சை ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். கல்யாண வீட்டுக்குப் போகும்முன் என் மனைவி, "தீயப் பத்தி வாயே தொறக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என்னைக் கூட்டிப்போவாள்.

கொல்லிமலையில் அணுமின் நிலையம் ஏது என்று கேட்பீர்கள். நிலையம் இல்லை, அதைக் கட்டிய ஆட்கள் இருக்கிறார்கள். சேந்தமங்கலத்து மேஸ்திரி ஒருவர் மூலம் மலையிலிருந்து ஒரு கூட்டம் வெளிமாநிலத்தில் ஒரு நிலையம் கட்டும் வேலைக்குப் போயிருந்தது. நாலைந்து வருடம் கேபிள் இழுத்துவிட்டு மிளகுக்கும் மரவள்ளிக்கும் திரும்பி வந்துவிட்டார்கள். அந்தக் கட்டுமான காலத்தில் பிடித்த குட்டித் தீக்களின் பதிவேட்டு நகல் எங்களிடம் இருந்தது. தீயை நேரில் பார்த்தவர்களைத் தேடித்தான் நான் மலையேறினேன்.

அந்த அம்மாவும் அந்தக் கூட்டத்தில் போனவர். அங்கே அவருக்குப் 'பயர் வாட்ச்' வேலை. மேலே வெல்டிங் நடக்கும்போது, கீழே பயர் சிலிண்டரோடு நின்று பொறி எங்கே விழுகிறது என்று கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். முப்பத்தைந்து வயது இருக்கும், என்னைவிடப் பத்து வயது சிறியவர். கணவர் மிளகுத் தோட்டம் பார்த்தார், மகள் ஆறாவது படித்தாள். வீடு வீடாக என்னைக் கூட்டிப்போய்ப் பேச வைப்பதற்காக மையம் அவரைத் தற்காலிகமாக எடுத்திருந்தது. பெயரை எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதிப்புட்டு, அதுவா வந்திருச்சுன்னு சொல்லுவீங்க" என்றார்.

மலையிலேயே தங்கி வேலை பார்க்க நிரந்தரமாக ஒருவரை எடுப்பதாக மையம் அறிவித்திருந்தது. அந்த வேலை அவருக்கு வேண்டும். மறைக்கவே இல்லை. "பாப்பாவுக்குப் பல்லு உழுந்து மொளச்சதெல்லாம் போன்லதான் சார் பாத்தேன். இந்த வேல கெடைக்கலீன்னா மறுபடி மேஸ்திரி கூப்புடுவாரு, போவோணும்" என்றார். விண்ணப்பிப்பவர் தீயை அணைத்த அனுபவத்துக்குச் சான்று காட்ட வேண்டும் என்பது விதி. அவரிடம் சான்றிதழ் இருந்தது. 'கேபிள் ட்ரேயில் பிடித்த தீயைத் தனியாகத் துணிச்சலுடன் அணைத்தமைக்காக' என்று பாதுகாப்பு வாரத்தில் மேடையேற்றிக் கொடுத்தது. ட்ரே என்றால் கேபிள்களை வரிசையாகப் படுக்கவைக்கிற இரும்புத் தட்டு. கூடவே ஒரு பிரஷர் குக்கரும் கொடுத்தார்களாம். வேலை அவருக்குத்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

பதிவேட்டில் ஒரு விசேஷம் இருந்தது. ஒரே ரகக் கேபிளில் பிடித்த தீக்கள் வரிசையாக இருந்தன, எல்லாவற்றுக்கும் எதிரே 'தானாக அணைந்தது' என்று எழுதியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தானாக அணையும் கேபிள் என்றால் சும்மாவா? அடுத்துக் கட்டப்போகும் நிலையத்தில் கேபிள் அறைகளுக்குத் தண்ணீர்த் தெளிப்பானே வேண்டாம் என்று பரிந்துரை எழுதலாம். என் கட்டுரையின் முதல் பத்தியை மனதுக்குள் எழுதி இரண்டு முறை திருத்தியும் விட்டேன். ஒரே ஒரு பதிவில் மட்டும் 'பயர் வாட்ச் அணைத்தார்' என்று இருந்தது. அது அவருடையது.

முதல் வீடு, மலையில் பைல் நாடு என்கிற ஊர்ப்பகுதியில். கேபிள் இழுத்தவர், ஐம்பது வயது, என்னோடு வந்த அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். வாசலில் சாக்கை விரித்து மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"லேசாப் பொகஞ்சுதுங்க. கொஞ்சம் நெருப்பு வந்துச்சு. அப்பறம் அணஞ்சு போச்சுங்க" என்றார். நான் எழுதிக்கொண்டேன்.

"அணஞ்சுதா மாமா, அணச்சீங்களா?" என்றார் இவர்.

"அணஞ்சு போச்சு கண்ணு."

"எதால அணஞ்சுது?"

"அதான், சாக்கப் போட்டதும் அணஞ்சு போச்சு."

என் பேனா நின்றது.

"எந்தச் சாக்கு மாமா?"

"காங்கிரீட்டுத் தூணச் சுத்தி ஈரச்சாக்குக் கட்டியிருப்பாங்கல்ல, அது."

"அத அவுத்துட்டு வந்தது யாரு?"

அவர் மிளகைத் துழாவினார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "சொல்லுங்களேன், சேப்டி ஆபீசரு நம்ம ஊட்டுக்குள்ளயா ஒளிஞ்சிருக்காரு?" என்றார்.

"நாந்தான் அவுத்தேன். நானும் இன்னும் ரெண்டு பேரும். சாக்கப் போட்டு, மேல ஏறி மிதிச்சும் உட்டோம். என்ன செய்யச் சொல்றீங்க? சிலிண்டர எடுத்தா சீல் ஒடையும், ஆபீசுல எழுதோணும். அணச்சேன்னு சொன்னா, பத்த வச்சது யாருன்னு அடுத்த கேள்வி வரும். மேஸ்திரியோட ஆளுங்க அத்தன பேருக்கும் கேட் பாஸ் போயிரும். அணஞ்சு போச்சுன்னு சொன்னா ஒருத்தரும் ஒன்னுங் கேக்க மாட்டாங்க சாமி."

அணைத்தேன் என்றால் அதற்குள் ஓர் ஆள் நிற்கிறான். அணைந்தது என்றால் அங்கே யாருமில்லை, தீ மட்டும் இருக்கிறது. தப்பு செய்தவரைக் காட்டிக்கொடுக்காமல் பேசுவதற்கு நம் எல்லோருக்கும் சின்ன வயதிலேயே பழகிய வழி அது. இவர்கள் அணஞ்சு போச்சு என்று சொல்லியிருக்கிறார்கள், பதிவேடு எழுதிய குமாஸ்தா தன் பங்குக்குத் 'தானாக' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டார். அதை நம்பி நான் ஒரு நிலையத்தின் தண்ணீர்க் குழாயைப் பிடுங்கப் பார்த்தேன்.

கட்டுரை போனது. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி மாளாது. வெளியே வந்ததும், "அடுத்த வீடு எது, அடுத்த வீடு எது" என்று கேட்டுக்கொண்டே முன்னால் ஓடினேன். "மெதுவா போங்க சார், அவங்க எங்கயும் போயிர மாட்டாங்க" என்று பின்னால் வந்தார். படிவத்தில் 'யார் அணைத்தது?' என்று பேனாவாலேயே ஒரு கட்டம் போட்டேன். அடுத்த மாதங்களில் அந்தக் கட்டம் நிரம்பிக்கொண்டே போனது. ஈரச்சாக்கு, மண், செருப்பு, ஒருவர் தன் சட்டையையே கழற்றிப் போட்டிருக்கிறார். உயிரைப் பணயம் வைத்துத் தீயை அணைத்துவிட்டு, அணைத்ததை மறைத்துக்கொண்டு இத்தனை பேர் மிளகு பறித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கேட்கும் முறையையும் சொல்ல வேண்டும். யாரு என்று முதலில் கேட்கவே மாட்டார். எதால என்று கேட்பார். பிறகு அந்தப் பொருள் எங்கே இருந்தது என்பார். அதை எடுக்கப் போனது யார் என்பது மூன்றாவதாகத்தான் வரும், அதற்குள் எதிரே இருப்பவர் பாதி தூரம் நடந்து வந்திருப்பார். யாரையும் குற்றவாளி போலப் பார்க்க மாட்டார். ஒருநாள் அவர் மகள் வந்து, "நோட்டு கிழிஞ்சு போச்சும்மா" என்றாள். இவர் சும்மா பார்த்தார். "கிழிச்சுட்டேன்" என்றாள் அவள். "செரி, பசை எடுத்துட்டு வா சாமி" என்று உட்கார்ந்து ஒட்டிக் கொடுத்தார். என்னிடம், "ஒத்துக்கிட்டா வைய மாட்டேன்னு அவளுக்குத் தெரியுங்க. என்னையும் அப்பிடி யாராச்சும் கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்போது காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஒன்றை மட்டும் கவனித்தேன். அவருடைய பதிவை நிரப்பலாம் என்று நான் தாளை எடுக்கும்போதெல்லாம், "அத அப்பறம் பாக்கலாங்க சார்" என்பார். உடனே ஏதாவது வேலை வந்துவிடும். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். நேர்காணல் குழுவினர் வரும்போதாவது தைரியமாகச் சொல்லுங்கள், வேலையே அதில்தான் இருக்கிறது என்றேன். "ஆமாங்க, அதுலதான் இருக்குது" என்றார்.

நேர்காணலுக்கும் எங்கள் வேலையைப் பார்வையிடவும் மூன்று பேர் கொண்ட குழு செம்மேட்டுக்கு வந்தது. தலைவர், ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர், கறாரான மனிதர். மலையேறும் வளைவுகள் அவரை ஒருவழி ஆக்கியிருந்தன. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்தார். எங்கள் தாள்களைப் புரட்டப் புரட்ட அவருக்கு முகத்தில் தெளிவு வந்தது.

"அப்போ, தானா அணஞ்ச தீ ஒன்னுகூட இல்லையா?" என்றார் என்னிடம்.

"இதுவரைக்கும் இல்லை சார்."

"ஒன்னாவது இருந்தா நல்லது. கைவைக்காம விட்டா இந்தக் கேபிள் எவ்வளவு நேரம் எரியும்னு தெரிஞ்சுக்காம, எவ்வளவு தண்ணி வேணும்னு நாம சொல்ல முடியாது. ஆனா தீ எரியறப்ப எவன் கையைக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டிருப்பான்?"

பிறகு அந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். தலைவர் சான்றிதழை வாய்விட்டுப் படித்தார். "இத்தனை பேர் அணைச்சதை மறைச்சிருக்காங்க. அணைச்சேன்னு பேர் வாங்கினது நீங்க ஒருத்தர்தான். அதைச் சொல்லுங்கம்மா."

அவர் எழுந்து நின்றார். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த அந்தத் தாளையே பார்த்தார். நான் பின்னாலிருந்து, சொல்லுங்க, சொல்லுங்க என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் அணைக்கலீங்க" என்றார். "அது தானா அணஞ்சுதுங்க."

தலைவர் சான்றிதழை மறுபடி படித்துப் பார்த்தார்.

"பொறி ட்ரேக்குள்ள உழுந்துச்சுங்க. சிலிண்டரோட பின்னப் புடுங்கோணும், அமுத்தோணும், எல்லாந் தெரியும். கை வரலீங்க. கத்தோணும், வாயும் வரல. சிலிண்டரப் புடிச்சுட்டுப் பாத்துட்டே நின்னேன். வெல்டர் அண்ணன் மேல முகமூடி போட்டுட்டு வேல செஞ்சுட்டு இருந்தாரு, அவருக்குத் தெரியாது. அது சின்னதாகிச் சின்னதாகி அணஞ்சுதுங்க. அப்பறந்தான் எனக்குக் கை வந்துச்சு. அணஞ்சதுக்கு மேல போயி சிலிண்டர்ப் பொடிய அடிச்சேன். அண்ணன் எறங்கியாந்து, பொடியப் பாத்துட்டு, அணச்சிட்டியா கண்ணுன்னாரு. நான் ஆமான்னு சொல்லலீங்க. இல்லைன்னுஞ் சொல்லல. மேடையில சொல்லிரலாம்னு இருந்தேன். எல்லாரும் கை தட்டிட்டாங்க."

தலைவர் சான்றிதழை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினார். "அப்படின்னா இதை நாங்க ஏத்துக்க முடியாதும்மா. விதி அப்படி."

"தெரியுங்க சார்" என்று அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. மேஸ்திரி மறுபடி கூப்பிடுவார் என்று அவர் சொன்னது எனக்கு நினைவு வந்தது. நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு வேலையை வாங்கியிருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன்.

ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. "எவ்வளவு நேரம் எரிஞ்சுது?" என்று கத்தினேன். வேலை போய் நிற்கிற ஒருவரிடம் கேட்கிற கேள்வியா அது? எனக்கு வெட்கமே இல்லை. தானாக அணைந்த ஒரு தீயை, ஆரம்பம் முதல் கடைசி வரை, இமைக்காமல் பார்த்த ஒரே ஆள் என் கண்முன்னால் நின்றார்.

"மணி பாக்கலீங்க சார். அண்ணனோட போன்ல பாட்டு ஓடிட்டு இருந்துச்சு. பொறி உழுகயில ஒரு பாட்டு ஆரம்பிச்சுது. மொதல் சரணம் முடிஞ்சு புல்லாங்குழல் வருமில்லீங்க, அதுல அணஞ்சுது. இன்னிக்கும் அந்தப் பாட்டு எங்கியாச்சும் கேட்டா எந்திரிச்சுப் போயிருவேன்."

"என்ன பாட்டு?" என்றார் தலைவர்.

சொன்னார். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டுதான். தலைவர் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்துவிட்டு, "போடுங்கய்யா அதை" என்றார்.

எங்கே போடுவது? யார் போனிலும் சிக்னல் இல்லை. குழுவின் இளைய உறுப்பினர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தார், ஒரு கோடு வந்து போனது. அப்போதுதான் எதிரே சேந்தமங்கலம் பஸ் நிற்பது என் கண்ணில் பட்டது. உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓடினேன், பின்னாலேயே தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இந்தப் பாட்டு உங்க பென் டிரைவ்ல இருக்குங்களா?" என்று பாட்டைச் சொல்லி டிரைவரைக் கேட்டேன்.

"இருக்குதுங்க. ஆனா நேரமாச்சு, வண்டி எடுக்கோணும்."

"ஒரே ஒரு பாட்டு தம்பி. அணுமின் நிலையத்துக்கு வேணும்" என்றார் தலைவர்.

டிரைவர் எங்கள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு இன்ஜினை நிறுத்தினார். நாங்கள் ஐந்து பேரும் ஏறினோம். பலாப்பழ மூட்டையை நகர்த்தி ஒரு பாட்டி அந்த அம்மாவுக்கு இடம் கொடுத்தார். பாட்டு ஆரம்பித்தது, நான் கைக்கடிகாரத்தை அழுத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார்.

"இப்ப ஒரு சாண் இருக்குதுங்க, மஞ்சளா" என்றார். "இப்பப் பக்கத்து வயருக்குப் போவுது. கருப்பாச் சொட்டுது. நாலே நாலு வயருதானுங்க அந்த ட்ரேயில, அன்னிக்குத்தான் போட ஆரம்பிச்சிருந்தாங்க. இப்பக் கடைசி வயரு. இனி அதுக்குத் திங்க ஒன்னுமில்ல. பொகை அதிகமாகுது. நீலமாகுது." சரணம் முடிந்தது. புல்லாங்குழல் ஏறி, இறங்கி, இழுத்து நின்றது. அவர் கையைத் தூக்கினார். "இங்க."

"இன்னொரு தடவை" என்றார் தலைவர். டிரைவர் மணியைப் பார்த்தார். "போடு சாமி, என்னதான்னு பாத்துருவோம்" என்றார் அந்தப் பாட்டி. இரண்டாம் முறையும் கை அதே இடத்தில் எழுந்தது. என் கைக்கடிகாரமும் அதையே சொன்னது. எனக்கு விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது. நாலு கேபிள், இவ்வளவு நேரம், யாரும் தொடாத தீ. எங்கள் துறையில் இதற்காக ஆய்வுக்கூடம் கட்டுவார்கள்.

மூன்றாம் முறை போட்டபோது தலைவரும் கண்ணை மூடிக்கொண்டார். புல்லாங்குழல் இழுத்து நிற்கும் இடத்தில் அந்த அம்மாவின் கை எழும் முன்பே தலைவரின் கை எழுந்தது. "இங்கதானேம்மா?"

"அங்கதானுங்க சார்."

தலைவர் என்னிடமிருந்து விண்ணப்பத்தை வாங்கி டிரைவரின் பக்கத்தில் இருந்த இன்ஜின் மூடிமேல் வைத்தார். 'தீயை அணைத்த அனுபவம்' என்ற வரியில் 'அணைத்த' என்பதை அடித்தார். மேலே 'பார்த்த' என்று எழுதினார். விதி என்று இளைய உறுப்பினர் இழுத்தார். "தளர்த்துற அதிகாரம் தலைவருக்கு இருக்கு, படிச்சுப் பாருங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு, மற்ற இருவரிடமும் பேனாவை நீட்டினார். பிறகு தாளை அந்த அம்மாவிடம் கொடுத்து, சரியா இருக்கா என்று கேட்டார்.

அவர் அந்த ஒரு சொல்லையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் தாளில் விழாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"ஆமாங்க சார்" என்றார். "நான் பாத்தேன்."